நள்ளிரவில் கதவைத் திறப்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சுற்றுலா இணைப்பைத் தவறாமல் படித்து வருபவர்களில் நானும் ஒருவன். எந்த ஊருக்கு எந்தப் பருவத்தில் போகலாம், எவ்வாறு போய்ச் சேரலாம், அங்கே எவற்றையெல்லாம் பார்க்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுதும் கட்டுரையாளர்கள், தங்குமிடம் என்று வரும்போது மட்டும் ‘எல்லா விலைகளிலும் விடுதிகள் உள்ளன’ என்ற ஒற்றை வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். விடுதியின் வரவேற்பு மேசையில் பல ஆண்டுகள், அவற்றிலும் பெரும்பகுதி இரவுப் பணியில் இருந்தவன் என்ற முறையில், அந்த ஒற்றை வரியால் வாசகர்களுக்கு ஏற்படும் இழப்பைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பெரும்பாலானோர் விலையை முதலில் வைத்துக்கொண்டுதான் தங்குமிடம் தேடுகிறார்கள். இன்னின்ன தொகைக்குள் என்று வரம்பு கட்டியதும் இணையதளம் ஓட்டல், வாடகைக் குடியிருப்பு, ஹாஸ்டல், ஹோம்ஸ்டே எல்லாவற்றையும் ஒரே பட்டியலில், ஒரே அளவுப் படங்களோடு கலந்து கொடுத்துவிடுகிறது. பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாலேயே அவை ஒன்றுக்கொன்று மாற்று என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் இவற்றைப் பிரிப்பது யார் எந்த வேலையைச் செய்வது என்னும் பங்கீடு. ஓட்டலில் நாம் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு ஆட்களுக்கானது: கதவைத் திறக்க, விரிப்பை மாற்ற, குழாய் கசிந்தால் வந்து பார்க்க, வெந்நீர் வராவிட்டால் வேறு அறை கொடுக்க எந்நேரமும் ஒருவர் இருப்பார். வாடகைக் குடியிருப்பில் இடம் தாராளமாகக் கிடைக்கும், சமையற்கட்டு இருக்கும், ஆனால் சாவி பெறுவது முதல் குப்பையை வெளியே வைப்பது வரை எல்லாம் நம் தலையில். ஹாஸ்டலில் கட்டில் மட்டும் நமக்கு, மற்றவையெல்லாம் பொது. ஹோம்ஸ்டே என்பது இன்னொருவர் வீடு. அவர்கள் உபசரிப்பும் உண்டு, அவர்கள் வீட்டு ஒழுங்கும் உண்டு. ஆகவே நம்மால் எந்தெந்த வேலைகளைச் செய்துகொள்ள முடியும், எவற்றுக்கு ஆள் வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் விலையைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த முடிவுக்கு மிகவும் உதவுவது போய்ச் சேரும் நேரம். வியப்பாக இருக்கலாம், ஆனால் இரவுப் பணியில் நான் கண்ட வாக்குவாதங்களில் பாதிக்கும் மேல் தேதியைப் பற்றியவை. பத்தாம் தேதி அதிகாலை ஒன்றரை மணிக்கு வந்து இறங்குபவர், ‘பத்தாம் தேதி வருகிறோம்’ என்று பத்தாம் தேதிக்கே அறை பதிவு செய்திருப்பார். விடுதிக் கணக்கில் பத்தாம் தேதி அறை என்பது அன்று பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் தொடங்கும். அந்த அதிகாலைக்கு அவர் ஒன்பதாம் தேதி அறையைப் பதிவு செய்திருக்க வேண்டும். தோளில் தூங்கும் குழந்தையோடு ஒருவர் மேசைக்கு முன் நின்று, ‘உறுதி செய்யப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் காட்டும் கைபேசியை நீட்டிக்கொண்டிருக்கும்போது, அவருக்கு இதை விளக்குவதைப் போலச் சங்கடமான வேலை வேறில்லை. காலி அறை இருந்தால் ஓட்டலில் ஏதாவது ஏற்பாடு செய்துவிடலாம். இல்லாவிட்டால் வரவேற்பறைச் சோபாவாவது உண்டு. இதே குழப்பம் ஆளில்லாத குடியிருப்பில் நேர்ந்தால், சாவிப் பெட்டியின் எண் பூட்டு அன்று பிற்பகல்தான் நமக்குரிய எண்ணை ஏற்கும், அதுவரை தெருதான் கதி.

தேதியைச் சரியாகப் பதிவு செய்தவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைசி நேரத்தில் சிலர் வராமல் போவார்கள் என்ற கணக்கில், இருக்கும் அறைகளைவிடச் சற்றுக் கூடுதலாகவே முன்பதிவு ஏற்பது ஓட்டல் தொழிலில் உலகெங்கும் உள்ள வழக்கம். கணக்குத் தப்பும் நாளில் அறை கிடைக்காமல் வேறு விடுதிக்கு அனுப்பப்படுபவர் பெரும்பாலும் கடைசியாக வந்து சேர்பவரே. இரவு வெகு நேரம் கழித்து வருவோர், வரும் நேரத்தை அன்று மாலையே தொலைபேசியில் விடுதிக்கு நேரடியாகச் சொல்லிவிடுவது நல்லது. முதல் நாள் இரவு தகவல் ஏதுமின்றி வராவிட்டால், முன்பதிவு செய்த மீதி நாட்களையும் சேர்த்து ரத்து செய்யும் விடுதிகள் உண்டு என்பதையும் பலர் அறிவதில்லை. தொடர் பயணத்தில் ஒரு வண்டி தவறி ஒரு நாள் தாமதமாகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வாடகைக் குடியிருப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது. ஏனெனில் மிகுந்த மனநிறைவும் மிகுந்த ஏமாற்றமும் இந்த வகையில்தான் ஏற்படுகின்றன. 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பு மாநாட்டின்போது ஓட்டல்கள் நிரம்பிவிட, அறைத் தோழர்கள் இருவர் தம் வீட்டில் காற்றடைத்த மெத்தைகளைப் போட்டு வாடகைக்கு விட்டனர். அதிலிருந்துதான் பயணிகளுக்கான வீட்டு வாடகை இணையதளமான ஏர்பிஎன்பி 2008இல் பிறந்தது. தொடக்கத்தில் அது வீட்டுக்காரரும் உடனிருக்கும் ஏற்பாடு. இன்று அந்தத் தளத்திலும் அதைப் போன்ற பிற தளங்களிலும் இருப்பவற்றில் பல, யாரும் குடியிராத, பயணிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட முழு வீடுகள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் படத்தைப் பார்த்து அறிய முடியாது. ‘வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் வசிக்கிறாரா?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி விஷயம் தெளிவாகிவிடும்.

ஒரு குடும்பம் ஒரே ஊரில் ஒரு வாரம் தங்குகிறது, கைக்குழந்தைக்கு அவ்வப்போது ஏதாவது காய்ச்சிக் கொடுக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும் என்றால் ஓட்டல் அறையைவிடக் குடியிருப்பு எத்தனையோ மேல். அதே குடும்பம் ஓர் இரவு மட்டும் தங்குவதற்குக் குடியிருப்பைத் தேடினால் நட்டம்தான். இதற்குக் காரணம் துப்புரவுக் கட்டணம். அது பெரும்பாலும் நாள் கணக்கில் வசூலிக்கப்படுவதில்லை. எத்தனை நாள் தங்கினாலும் ஒருமுறை. ஓர் இரவு வாடகையில் பாதி அளவுக்கு அந்தக் கட்டணம் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரே இரவு தங்குபவர் வாடகைக்கு மேல் பாதித் தொகையைக் கூடுதலாகக் கொடுக்கிறார். ஆறு இரவு தங்குபவருக்கு அது மொத்த வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். தேடல் பட்டியலில் தெரியும் முதல் விலையை நம்பாமல், பணம் செலுத்தும் பக்கம் வரை போய் மொத்தத் தொகையைப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். ஓட்டல்களும் இதில் சளைத்தவை அல்ல. ‘ரிசார்ட் கட்டணம்’ என்ற பெயரில் ஒரு கூடுதல் தொகையைக் கடைசியில் சேர்க்கும் வழக்கம் அமெரிக்காவில் எல்லை மீறிப் போனதால், அறை விலையை விளம்பரப்படுத்தும்போதே கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்து மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்ற விதி அங்கே 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. குறுகிய கால வாடகை வீடுகளுக்கும் அந்த விதி பொருந்தும். சில ஊர்களில் இவற்றுக்கு மேல் சுற்றுலா வரி வேறு உண்டு. ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அது அறை வாடகையில் 12.5 சதவீதம், சிறிய தொகை என்று தள்ளிவிட முடியாது.

குடியிருப்பை எடுப்பவர்கள் கவனிக்கத் தவறும் இன்னொன்று சட்டம். வீடுகள் பயணிகளுக்குப் போய்விடுவதால் உள்ளூர்வாசிகளுக்கு வாடகை வீடு கிடைப்பதில்லை என்ற குறை வலுத்து, பல நாடுகள் கட்டுப்பாடு விதித்துள்ளன. ஜப்பானில் 2018இல் நடைமுறைக்கு வந்த சட்டம், இத்தகைய வீடுகளை ஆண்டுக்கு 180 நாட்களுக்கு மேல் வாடகைக்கு விடக் கூடாது என்கிறது. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், 30 நாட்களுக்குக் குறைவாக வாடகைக்கு விடுபவர் மாநகராட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும். விருந்தினர் தங்கும்போது அவரும் அதே வீட்டில் இருக்க வேண்டும். இருவருக்கு மேல் தங்க வைக்கக் கூடாது. பார்சிலோனா நகர மேயர், சுற்றுலாக் குடியிருப்புகளுக்கான ஏறத்தாழ 10,000 உரிமங்களையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024இல் அறிவித்தார். அந்தக் கொள்கைகளின் நியாயம் தனி விவாதம். பயணிக்குத் தெரிய வேண்டியது, பதிவு எண் இல்லாத வீடு கடைசி நேரத்தில் கைவிட்டுப் போகக்கூடும் என்பதே. பதிவு கட்டாயமாக உள்ள நகரங்களில் அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் தயக்கம் தேவையில்லை. முறையாக நடத்துபவர் உடனே கொடுப்பார். மழுப்புகிறவரிடம் முன்பணம் கொடுக்காமல் விலகிவிடலாம்.

பாதுகாப்பிலும் இதே பங்கீடுதான் நிலவுகிறது. ஓட்டல் அறையின் கதவுக்குப் பின்னால் அவசர வழியின் வரைபடம் ஒட்டியிருக்கும். தீ எச்சரிக்கைக் கருவியைச் சோதிப்பது நிர்வாகத்தின் வேலை. குடியிருப்பில் அதைச் சோதித்துப் பார்க்க நம்மைத் தவிர ஆளில்லை. எரிவாயு அடுப்பு, வெந்நீர்க் கொதிகலன், கணப்பு உள்ள வீடுகளில் கார்பன் மோனாக்சைடு கண்டறியும் கருவி இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது, தூக்கத்தில் இருப்பவருக்கு அது பரவுவது தெரியவே தெரியாது.

நட்சத்திரங்களைப் பற்றி வாசகர்களுக்கு இருக்கும் நம்பிக்கையையும் சற்றுக் குறைத்தாக வேண்டும். உலகம் முழுவதற்கும் பொதுவான நட்சத்திர அளவுகோல் என்று ஒன்று இல்லை. ஐரோப்பாவில் சில நாடுகள் சேர்ந்து 2009இல் ‘ஹோட்டல்ஸ்டார்ஸ் யூனியன்’ என்ற பெயரில் பொது அளவுகோல் ஒன்றை உருவாக்கின. வேறு நாடுகளில் அரசோ ஓட்டல் தொழில் அமைப்போ தனித்தனி முறையில் தரம் பிரிக்கின்றன. வட அமெரிக்காவில் வாகன ஓட்டிகளின் சங்கம் நட்சத்திரங்களுக்குப் பதிலாக வைரக் குறிகளைக் கொடுக்கிறது. துபாயின் புர்ஜ் அல் அரப் ஓட்டலைப் பற்றி அடிக்கடி எழுதப்படும் ‘ஏழு நட்சத்திரம்’ எந்த அதிகாரபூர்வ வகைப்பாட்டிலும் இல்லாதது. அதிகாரபூர்வமான நட்சத்திரங்களும் எண்ணக்கூடியவற்றைத்தான் பெரும்பாலும் எண்ணுகின்றன: லிஃப்ட் உண்டா, வரவேற்பு மேசை எத்தனை மணி நேரம் திறந்திருக்கும், அறையில் பெட்டகம் உண்டா என்பன போன்றவை. சன்னலுக்குக் கீழே இரவு முழுதும் லாரி ஓடுகிறதா என்பதை அவை சொல்லா.

அந்தக் குறையை வாடிக்கையாளர் மதிப்பீடுகள் நிரப்பும் என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஏர்பிஎன்பியில் மதிப்பீடு பெற்ற இடங்களில் ஏறத்தாழ 95 சதவீதத்துக்கு ஐந்துக்கு நாலரையோ ஐந்தோ கிடைத்திருந்தது. எல்லோரும் முதல் வகுப்பில் தேறிவிட்டால் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து என்ன பயன்? வீட்டுக்காரரும் விருந்தினரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் இடத்தில் முகத்தாட்சணியம் வந்துவிடுவது இயல்பு. எண்ணை விட்டுவிட்டு, கடைசி சில மாதங்களில் எழுதப்பட்ட குறைகளை மட்டும் படிப்பது என் வழக்கம். ஒரே குறையை முன்பின் அறியாத மூன்று பேர் சொல்லியிருந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும். அதே நேரத்தில் குறை சொன்னவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும்: ‘பத்து மணிக்கெல்லாம் எல்லா விளக்கையும் அணைத்துவிடுகிறார்கள்’ என்று ஓர் இளைஞர் நொந்துகொண்டு எழுதியிருந்தால், வயதான பெற்றோருடன் போகிறவருக்கு அதைவிட நல்ல நற்சான்று கிடைக்காது.

ஹாஸ்டல் என்றாலே மூட்டைப்பூச்சியும் திருட்டும் என்று முகம் சுளிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அதன் தொடக்கம் மிக மதிப்புக்குரியது. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1909இல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது இடிமழையில் சிக்கி ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழிக்க நேர்ந்தது. விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிகளை இளம் பயணிகளின் தங்குமிடமாக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு அங்கே உதித்தது. 1912இல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிரந்தர விடுதி அமைந்தது. தனியாகப் பயணம் செய்பவருக்குப் பேச்சுத்துணையும் வழித்தகவலும் கிடைப்பதில் இன்றும் ஹாஸ்டலுக்கு இணையில்லை. பெண்களுக்கு மட்டுமான கூடம் உண்டா, கட்டிலுக்குத் திரை உண்டா, பெட்டி வைக்கும் லாக்கர் எவ்வளவு பெரியது, பூட்டு அவர்கள் தருவார்களா என்று கேட்டுக்கொண்டால் போதும். மூட்டைப்பூச்சிக்கு நட்சத்திர வேறுபாடு தெரியாது. எந்த வகை அறையானாலும் பெட்டியைக் கட்டில்மேல் வைக்கும் முன், மெத்தை ஓரத் தையலையும் தலைமாட்டுப் பலகையின் இடுக்கையும் கைபேசி வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கரும்புள்ளிகள் தென்பட்டால் வேறு அறை கேட்கலாம்.

ஹோம்ஸ்டேயில் விருந்தினர் என்ற சொல்லுக்கு முழு அர்த்தமும் உண்டு. அதனால்தான் எல்லோருக்கும் அது ஒத்துவருவதில்லை. அந்த வீட்டார் சாப்பிடும் நேரத்தில் சாப்பிட்டு, அவர்கள் உறங்கும் நேரத்துக்குள் திரும்பி, அவர்களோடு நாலு வார்த்தை பேசப் பிடித்தவருக்கு அதைவிட இதமான இடம் கிடையாது. பகல் முழுதும் வேலையாக அலைந்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் படுக்க நினைப்பவர் அங்கே போனால் இரு தரப்புக்கும் சங்கடம். அவருக்கு வேண்டியது பெயர் தெரியாத நடுத்தர ஓட்டல். வண்டி மாறுவதற்கு நடுவே சில மணி நேரம் மட்டும் கண்ணயர வேண்டியவருக்கு அதுகூட மிகை. 1979இல் ஜப்பானின் ஒசாகாவில் தொடங்கிய, ஒருவர் படுக்கும் அளவே உள்ள சிற்றறைகளைக் கொண்ட கேப்சூல் வகை விடுதி அத்தகையவருக்கானது. இருமல் உள்ளவரும், அடைபட்ட இடத்தில் மூச்சு முட்டுகிறவரும் அதை நினைக்கவே வேண்டாம்.

இரவுக்கு ஓர் ஊர், ஓர் அறை என்று பயணத்தை வகுப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. புதிய இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராதது நம் பலவீனம் இல்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத இடத்தின் முதல் இரவில் மூளையின் இடப்பாதி முழுமையாக ஆழ்ந்து உறங்காமல், புதிய ஓசைகளுக்குக் காது கொடுத்தபடி இருப்பது தெரியவந்தது. நாள்தோறும் இடம் மாற்றுகிறவர் தினமும் முதல் இரவையே உறங்குகிறார். நடுவே உள்ள ஓர் ஊரில் அறை எடுத்துப் பெட்டியை வைத்துவிட்டு, சுற்றியுள்ள இடங்களுக்குப் பகலில் போய்த் திரும்புவது உடம்புக்கு நல்லது. நாளும் அறையைக் காலி செய்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அடுத்த அறை பிற்பகலில் திறக்கும் வரை காத்திருக்கும் நேரமும் மிச்சமாகும். லிஃப்டுக்கும் மாடிப்படிக்கும் தெருவுக்கும் தள்ளியிருக்கும் அறையைப் பதிவின்போதே கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், கேட்பவர்தான் இல்லை.

கூட்டாகப் போகும்போது, குழுவில் மிகவும் சிரமப்படக்கூடியவரை முன்னிட்டே வகையைத் தீர்மானிக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நடக்கச் சிரமப்படும் ஒருவரை வைத்துக்கொண்டு, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக் குடியிருப்பை ‘காட்சி நன்றாக இருக்கிறது’ என்று எடுப்பவர்களைக் கண்டிருக்கிறேன்; பெரியவர் அறையிலேயே அடைந்து கிடக்க, மற்றவர்கள் மட்டும் ஊர் சுற்றுவார்கள். ‘முதியவர்களுக்கு வசதியாக இருக்குமா?’ என்று கேட்டால் எல்லா விடுதியும் ‘இருக்கும்’ என்றுதான் சொல்லும். வாசலிலிருந்து கட்டில் வரை எத்தனை படிகள், குளியலறையில் நுழைய ஏறி இறங்க வேண்டுமா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, கதவின் அகலம் என்ன என்று அளவாகக் கேட்க வேண்டும். பெரும்பாலான சக்கர நாற்காலிகளுக்கு ஏறத்தாழ 80 செ.மீ. அகலமுள்ள வழி தேவை. குளியலறைக் கதவைப் படமெடுத்து அனுப்பச் சொல்வதில் தவறேதும் இல்லை. விளம்பரப் படங்கள் அறையின் மூலையிலிருந்து அகல வில்லையால் எடுக்கப்படுபவை, அவற்றில் எல்லா அறையும் மண்டபமாகத்தான் தெரியும்.

ரத்து விதியையும் இதே கண்ணோடு படிக்கலாம். பணம் திரும்பக் கிடைக்காத அறை மலிவாக இருக்கும். அந்த மலிவு, பயணம் தடைப்படும் அபாயத்தை நாம் ஏற்பதற்கான கூலி. தனியாளாக, பயணச் சீட்டு கையிலிருக்க, நாளை மறுநாள் புறப்படுபவருக்கு அது லாபமே. மாதங்களுக்கு முன்பே, குழந்தைகளோடும் முதியவர்களோடும் திட்டமிடுகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. இலவசமாக ரத்து செய்யும் கெடு பெரும்பாலும் விடுதி இருக்கும் ஊரின் நேரப்படி கணக்கிடப்படுகிறது. கடல் கடந்து போகிறவர்கள் நம் ஊர்க் கடிகாரத்தை நம்பிக் கடைசி மணி வரை காத்திருக்கக் கூடாது.

தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. சுற்றுலாக் கட்டுரை ஒவ்வொன்றின் முடிவிலும் விடுதிகளின் பெயர்ப் பட்டியல் போட வேண்டியதில்லை, அது விளம்பரமாகிவிடும். அந்த ஊருக்கு இரவில் போய்ச் சேருபவருக்கு எந்த வகை ஏற்றது, குடியிருப்புகளுக்கு அங்கே பதிவு எண் கட்டாயமா, சுற்றுலா வரி உண்டா, பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருப்பது வழக்கமா, எந்தப் பகுதியில் இரவு இரைச்சல் அதிகம் என்ற ஐந்து விவரங்களை மட்டும் கட்டுரையாளர் விசாரித்து எழுதட்டும். ஊரை நேரில் பார்த்து வந்தவருக்கு இது ஒரு மணி நேர வேலை. இடப் பற்றாக்குறை என்றால், கட்டுரையோடு வரும் சூரியோதயப் படங்களில் ஒன்றைச் சற்றுச் சிறிதாக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதி ஊழியர் ஒருவர்